லினக்ஸில் நெட்வேர்க் சேவை தொடங்காதபோது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உவர்மலையில் ஒரு டியூஷன் நிலையம், வினாத்தாள்களைப் பகிர்ந்துகொள்ளப் பழைய டெஸ்க்டொப் ஒன்றில் சாம்பா வைத்திருக்கிறது. உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதி, வைஃபையில் வருபவர்களுக்கு முகவரி கொடுக்கவும் இணையப் பெயர்களைத் தேடித்தரவும் டிஎன்எஸ்மாஸ்க் ஓடவிட்டிருக்கிறது. மத்திய வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடை, கடைக்குள் மட்டும் பயன்படும் சின்ன இணையதளம் ஒன்றை அப்பாச்சியில் நடத்துகிறது. எல்லாம் லினக்ஸ். இவற்றைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்னைக் கூப்பிடும்போது சொல்வது பெரும்பாலும் ஒரே வசனம்: "நேற்று வரைக்கும் ஓடினது, இண்டைக்கு ஸ்டார்ட் ஆகுதில்லை." அந்த அழைப்புகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைப் பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

உதாரணங்கள் பெரும்பாலும் உபுண்டு, டெபியன் இரண்டையும் வைத்துத்தான். ரெட் ஹாட் குடும்பம் வேறுபடும் இடத்தில் சொல்கிறேன். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் வாயால் சொல்வது போலவே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரும்பாலான கட்டளைகளுக்கு முன்னால், நிர்வாகி உரிமை தரும் சூடோ வேண்டும்.

சேவை தொடங்கவில்லை என்று பிழை வந்துவிட்டது. முதலில் எதில் கை வைப்பது?

எதிலும் கை வைக்க வேண்டாம், முதலில் வாசியுங்கள். "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்" என்று தட்டி, பக்கத்தில் சேவையின் பெயரைக் கொடுங்கள். வருவதில் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். "லோடட்" என்ற வரி, சேவையின் கோப்பு எங்கே இருக்கிறது, பூட் ஆகும்போது தானாகத் தொடங்குமா என்று சொல்லும். "அக்டிவ்" என்ற வரியில் ஃபெயில்ட் என்ற சொல்லும் அதற்குரிய காரணக் குறிப்பும் இருக்கும். அடியில் பதிவேட்டின் கடைசிப் பத்து வரிகள் வரும்.

அந்தப் பத்து வரி பல நேரம் போதாது. அப்போது "ஜேர்னல்சிடிஎல் -யூ சேவைப்பெயர் -பி" என்று கேளுங்கள். யூ என்பது யூனிட்டின் முதலெழுத்து, பி என்பது பூட்டின் முதலெழுத்து. கணினி இந்தத் தடவை எழும்பியதிலிருந்து அந்தச் சேவை சொன்னதெல்லாம் வரும். மேலிருந்து கீழே வாசியுங்கள். நம்மில் பலரும் கடைசி வரியைத்தான் பார்க்கிறோம். கடைசி வரியில் எப்போதும் "ஃபெயில்ட் டு ஸ்டார்ட்" என்றுதான் இருக்கும். வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு "உங்களுக்கு வருத்தம்" என்று துண்டு எழுதிக் கொடுத்தது போல அது. உண்மையான பிழை அதற்கு நாலைந்து வரி மேலே, சேவையே தன் வாயால் சொன்ன வரியில் இருக்கும். அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அண்ணா, பக்கேஜை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டோல் பண்ணினால் சரிவராதா?

பெரும்பாலும் சரிவராது. காரணம் எளிது. பக்கேஜ்களை நிறுவி நீக்கும் ஆப்ட் கட்டளையால் ரிமூவ் செய்யும்போது நிரல் மட்டும்தான் போகிறது. ஈடிசி அடைவில் இருக்கும் அமைப்புக் கோப்புகள் அப்படியே கிடக்கும். மறுபடி நிறுவினால் அதே பிழையான கோப்பை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் விழும். ஆப்ட் பர்ஜ் செய்தால் அந்தக் கோப்புகளும் போய்விடும், ஆனால் நீங்கள் மாதக்கணக்காக உட்கார்ந்து எழுதிய அமைப்பும் சேர்ந்து போகும். ஒரு டியூஷன் நிலையத்தில் சாம்பாவை இப்படிப் பர்ஜ் செய்துவிட்டு, ஒவ்வொரு ஆசிரியருக்கும் எந்தக் கோப்புறையில் என்ன அனுமதி இருந்தது என்று ஞாபகப்படுத்தி எழுத ஒரு சனி ஞாயிறு முழுக்கப் போனது. பிழை என்னவென்றால் ஒரு கோப்புறையின் பெயர் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

எதை மாற்றுவதானாலும் முதலில் அந்தக் கோப்பைத் திகதி போட்டுக் கொப்பி எடுத்து வையுங்கள்.

ஸ்டேட்டஸில் 203, 217 என்றெல்லாம் எண்கள் வருகின்றனவே, அவை என்ன?

200இலிருந்து வரும் எண்கள் பெரும்பாலும், சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி தானே கொடுப்பவை. உங்கள் நிரல் ஓடத் தொடங்கும் முன்பே ஏதோ தடுத்திருக்கிறது என்று அர்த்தம். 200 என்றால் வேலை செய்ய வேண்டிய அடைவுக்குள் போக முடியவில்லை. 217 என்றால் சேவைக் கோப்பில் எழுதியிருக்கும் பயனர் அந்தக் கணினியில் இல்லை. 203 என்றால் ஓடவேண்டிய கோப்பு இல்லை, அல்லது அதை ஓட்ட முடியவில்லை.

203க்கு ஒரு காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், பலரும் மணிக்கணக்காகத் தவிப்பது இதில்தான். ஸ்கிரிப்டை விண்டோஸ் நோட்பேடில் எழுதிக் கொண்டுவந்தால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். முதல் வரியில் பாஷ் என்று இருப்பதை லினக்ஸ் "பாஷும் ஒரு விநோத எழுத்தும்" என்று வாசித்து, அப்படி ஒரு நிரல் இல்லை என்றுவிடும். கோப்பு அங்கேதான் இருக்கிறது, அனுமதியும் சரி, ஆனாலும் "நோ சச் ஃபைல்" என்று வருவது இதனால்தான். "டொஸ்2யுனிக்ஸ்" என்ற சின்ன நிரல் அந்த எழுத்துகளைக் கழற்றிவிடும்.

1, 2 போன்ற சிறிய எண்கள் நிரல் கொடுப்பவை. அவற்றின் பொருள் நிரலுக்கு நிரல் மாறும். பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

"அட்ரஸ் ஓல்ரெடி இன் யூஸ்" என்கிறது. யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போர்ட் என்பது ஒரு சேவை காது கொடுத்திருக்கும் எண். ஒரு முகவரியில் ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பிடிக்கலாம். இரண்டாவதாக வருவதற்கு 98 என்ற பிழை எண் கிடைக்கும். அப்பாச்சியும், அதைப் போன்ற இன்னொரு வெப் சேர்வரான என்ஜின்எக்ஸும் அந்த எண்ணையே பதிவேட்டில் எழுதிவைக்கும்.

எஸ் எழுத்தை இரண்டு தடவை தட்டினால் ஒரு கட்டளை. அதற்குப் பின்னால் "-டிஎல்என்பி" என்று கொடுங்கள். டிசிபி, லிசனிங், நியூமரிக், புரோசஸ் என்ற நான்கின் முதலெழுத்துகள். எந்தப் போர்ட்டை எந்த நிரல் பிடித்திருக்கிறது என்று பட்டியல் வரும். சூடோ இல்லாமல் தட்டினால் மற்றவர்களின் நிரல் பெயர்கள் தெரியாது, அதை மறக்க வேண்டாம். யுடிபி சேவை என்றால் டிக்குப் பதில் யூ.

அதிகம் பார்ப்பது, ஒரே கணினியில் அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் 80ஆம் போர்ட்டுக்கு அடிபடுவது. வேறு ஏதோ மென்பொருளை நிறுவும்போது அப்பாச்சி கூடவே வந்து உட்கார்ந்திருக்கும். எது வேண்டுமோ அதை வைத்துக்கொண்டு மற்றதை "டிசேபிள் --நவ்" செய்தால் போதும்.

இன்னொன்று, இணையப் பெயர்களை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸுக்குரிய 53ஆம் போர்ட். டிஎன்எஸ்மாஸ்க், பைண்ட், அட்கார்ட் ஹோம் எதை வைத்தாலும் இதில் ஒருமுறையாவது முட்டுவீர்கள். உபுண்டுவில் சிஸ்டம்டி-ரிசோல்வ்ட் என்ற சேவை 127.0.0.53 என்ற முகவரியில் ஏற்கெனவே 53ஐப் பிடித்து வைத்திருக்கும். அது கணினியின் உள்முகவரியில் மட்டும்தான் பிடித்திருக்கிறது; உங்கள் லேன் முகவரி காலியாகத்தான் கிடக்கிறது. ஆனால் டிஎன்எஸ்மாஸ்க் வழக்கமாக எல்லா முகவரியையும் ஒரேயடியாகப் பிடிக்கப் பார்க்கும், அதனால்தான் மோதுகிறது. டிஎன்எஸ்மாஸ்க் அமைப்பில் "பைண்ட்-இன்டர்ஃபேசஸ்" என்ற வரியைச் சேர்த்து, "லிசன்-அட்ரஸ்" வரியில் லேன் முகவரியைக் கொடுத்தால் இரண்டும் சண்டையில்லாமல் ஓடும். உப்புவெளி விடுதியில் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ரிசோல்வ்ட்டை முழுவதும் ஒதுங்க வைக்க விரும்பினால் அதன் அமைப்புக் கோப்பில் "டிஎன்எஸ்ஸ்டப்லிசனர்" என்பதை "நோ" ஆக்கலாம். அப்படிச் செய்யும்போது ஈடிசி அடைவில் உள்ள "ரிசோல்வ்.கொன்ஃப்" எங்கே சுட்டுகிறது என்பதையும் பார்த்து மாற்றுங்கள். அதை மறந்தால் உங்கள் சேவை கிளம்பும், ஆனால் அந்தக் கணினிக்கே ஒரு பெயரையும் கண்டுபிடிக்கத் தெரியாமல் போகும்; ஆப்ட் அப்டேட்கூட ஓடாது.

பூட் ஆகும்போது மட்டும் விழுகிறது. நான் உள்ளே போய் ஸ்டார்ட் என்றால் உடனே ஓடுகிறது. ஏன்?

பதிவேட்டில் "கெனொட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்" என்று இருக்கிறதா பாருங்கள். பிழை எண் 99. உங்கள் சேவைக்கு 192.168.1.10 என்று ஒரு முகவரியைக் கொடுத்திருக்கிறீர்கள். அது எழும்பிய நொடியில் அந்த முகவரி நெட்வேர்க் கார்டுக்கு இன்னும் வரவில்லை. நீங்கள் உள்ளே போய்த் தட்டும்போது முகவரி வந்துவிட்டது, ஓடுகிறது.

சேவைக் கோப்பில் "ஆஃப்டர்" வரியில் "நெட்வேர்க்.டார்கெட்" என்று இருந்தால் நெட்வேர்க் தயாரானபிறகுதான் தொடங்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நெட்வேர்க்கைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் கிளம்பிவிட்டது என்பதற்குத்தான் அது உத்தரவாதம். முகவரி கிடைத்ததா என்பது அதற்குத் தெரியாது. "நெட்வேர்க்-ஒன்லைன்.டார்கெட்" என்ற இன்னொன்று இருக்கிறது. அதை "ஆஃப்டர்" வரியில் மட்டும் போடாமல் "வோன்ட்ஸ்" வரியிலும் போட வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டால் பலன் இல்லை.

மூலக் கோப்பைத் திருத்தாதீர்கள், அடுத்த அப்டேட்டில் அழிந்துபோகும். "சிஸ்டம்சிடிஎல் எடிட் சேவைப்பெயர்" என்று தட்டினால் உங்கள் வரிகளுக்கென்று தனிக் கோப்பு திறக்கும். கையால் வேறெங்காவது எழுதினால் பிறகு "டீமன்-ரீலோட்" கொடுக்க வேண்டும்.

சேவைக்குக் குறிப்பிட்ட முகவரி தேவையே இல்லையென்றால் 0.0.0.0 என்று எல்லா முகவரியிலும் கேட்க விட்டுவிடுங்கள், இந்தத் தொல்லையே வராது. ஃபயர்வோல் ஒழுங்காக இருந்தால்தான் இதைச் சொல்கிறேன்.

நெட்வேர்க்கே எழும்பவில்லை. "நெட்வேர்க்கிங்.சேர்விஸ்" ஃபெயில்ட் என்கிறது. கார்டு மாற்றினோம், அதற்குப் பிறகுதான்.

திருகோணமலையில் இந்தக் கேள்வி வராத வருடம் இல்லை. மூன்று பக்கமும் கடல். கச்சான் அடிக்கும் மாதங்களில் புழுதி, வாடையில் ஈரம், எல்லாக் காலத்திலும் உப்பு. மதர்போர்டின் நெட்வேர்க் போர்ட்டுக்குள் இருக்கும் செப்புக் கம்பிகள் பச்சை பூத்து, வயரைக் கொஞ்சம் அசைத்தால் வருகிறது, விட்டால் போகிறது என்ற நிலைக்கு வந்துவிடும். கடற்கரையோர விடுதிகளில் இது சீக்கிரம் நடக்கும். அப்போது கடையில் ஒரு பிசிஐ கார்டு வாங்கிப் போடுகிறோம். கார்டு நன்றாக இருக்கிறது, விளக்கும் எரிகிறது, ஆனால் லினக்ஸ் நெட்வேர்க்கைத் தூக்க மறுக்கிறது.

காரணம் பெயர். முன்பு முதல் கார்டுக்கு ஈதீஎச்0 என்று பெயர் வந்தது. 2013இல் சிஸ்டம்டி 197ஆம் பதிப்பு வந்தபோது, கார்டு பலகையில் எந்த இடத்தில் செருகியிருக்கிறது என்பதை வைத்துப் பெயர் கொடுக்கும் முறை தொடங்கியது. ஈஎன்பி3எஸ்0 என்றால் ஈதர்நெட், 3ஆம் பஸ், 0ஆம் ஸ்லொட். புதுக் கார்டு வேறு இடத்தில் இருப்பதால் அதன் பெயர் வேறு. சில பலகைகளில் இன்னொரு கார்டைச் சேர்த்தாலே பஸ் எண்கள் நகர்ந்து, தொடாத பழைய கார்டின் பெயரும் மாறிவிடும். அமைப்புக் கோப்பிலோ பழைய பெயர்தான் இருக்கிறது. "கெனொட் ஃபைண்ட் டிவைஸ்" என்று பதிவேட்டில் வருவது இதுதான்.

"ஐபி -பிஆர் லிங்க்" என்று தட்டுங்கள். இப்போது இருக்கும் பெயர்களும், ஒவ்வொரு கார்டுக்கும் தனியாக உரிய மக் முகவரிகளும் வரும். டெபியனில் ஈடிசி அடைவின் நெட்வேர்க் கோப்புறையில் "இன்டர்ஃபேசஸ்" கோப்பைத் திறந்து பழைய பெயரை மாற்றுங்கள். அதில் "ஓட்டோ" என்று குறித்த ஏதாவது ஒன்று எழும்பாவிட்டாலும் முழுச் சேவையும் ஃபெயில்ட் என்றே காட்டும். ஆகவே இல்லாத கார்டின் பழைய வரிகளை அழித்துவிடுங்கள். உபுண்டு சேர்வரில் ஈடிசிக்குள் நெட்பிளான் கோப்புறையைப் பாருங்கள். அங்கே "மட்ச்" என்ற பகுதியில் மக் முகவரியைக் கொடுத்து, "செட்-நேம்" என்று நீங்களே ஒரு பெயர் வைத்துவிடலாம். கார்டை எந்த ஸ்லொட்டில் செருகினாலும் பெயர் மாறாது. கடற்கரைப் பக்கம் சேர்வர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதைச் செய்து வைக்க வேண்டும் என்பேன்.

நெட்பிளான் கோப்பில் டாப் விசையைத் தொடவே கூடாது. இடைவெளிகளை ஸ்பேஸால் மட்டும் விடுங்கள். ஒரு ஸ்பேஸ் கூடினாலும் குறைந்தாலும் பொருள் மாறும். மாற்றியபிறகு "நெட்பிளான் அப்ளை" வேண்டாம், "நெட்பிளான் ட்ரை" கொடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் என்டர் தட்டி உறுதிப்படுத்தாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். தூரத்திலிருந்து வேலை செய்யும்போது இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

எங்களிடம் இன்னும் சென்ட்ஓஎஸ் 7 ஓடுகிறது. "எல்எஸ்பி: பிரிங் அப் டவுன் நெட்வேர்க்கிங்" தொடங்கவில்லை என்கிறது.

அது பழைய நெட்வேர்க் ஸ்கிரிப்ட். ஈடிசிக்குள் சிஸ்கொன்ஃபிக், அதற்குள் நெட்வேர்க்-ஸ்கிரிப்ட்ஸ் என்ற கோப்புறையில் "ஐஎஃப்சிஎஃப்ஜி" என்று தொடங்கும் கோப்புகளைப் பாருங்கள். இல்லாத கார்டுக்கு ஒரு கோப்பு கிடக்கும், அல்லது உள்ளே "எச்டபிள்யூஅடர்" வரியில் பழைய கார்டின் மக் முகவரி இருக்கும். மெய்நிகர்க் கணினியை நகலெடுத்தவர்களுக்கு இரண்டாவதுதான் காரணம். அந்த ஸ்கிரிப்டும் நெட்வேர்க்மனேஜரும் ஒரே கார்டுக்கு இழுபறிப்படுவதும் உண்டு, ஒன்றை நிறுத்துங்கள்.

சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. ரெட் ஹாட் 9இல் அந்த ஸ்கிரிப்ட்டுகளே இல்லை. சரிசெய்து ஓடவையுங்கள், ஆனால் இடம் மாற நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போய் வந்தபிறகு ஒரு சேவையும் தொடங்கவில்லை. என்ன ஆகியிருக்கும்?

பல சேவைகள் ஒரேயடியாக விழுந்தால் ஒவ்வொன்றாகத் தோண்ட வேண்டாம். அடித்தளத்தில் ஏதோ உடைந்திருக்கிறது. 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போன காலத்தில் நான் படித்த பாடம் இது. யூபிஎஸ் பற்றரிகள் ஒவ்வொன்றாகச் செத்தன, சேர்வர்கள் திடீர் திடீரென்று அணைந்தன.

முதலில் "ஃபைண்ட்மவுண்ட்" என்று தட்டிப் பக்கத்தில் ஒரு சாய்கோடு போடுங்கள். வரும் வரியில் "ஆர்ஓ" என்று இருந்தால் டிஸ்க் வாசிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விட்டது. கோப்பு முறையில் பிழை கண்டதும் மேலும் கெடாமல் இருக்க லினக்ஸ் தானே அப்படி மாற்றும். பதிவு எழுத முடியாது, பிஐடி கோப்பு எழுத முடியாது, எல்லாச் சேவையும் விழும். "டிமெசெஜ்" கட்டளையில் ஐ/ஓ எரர் என்று வரிசையாக வந்தால் டிஸ்க்கே போகிறது. வேறெதற்கும் முன்னால் தரவை வெளியே எடுங்கள். அப்படி இல்லையென்றால் யுஎஸ்பியில் பூட் செய்து எஃப்எஸ்செக் ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் அதை ஓட்டவே கூடாது.

அடுத்தது, டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று "டிஎஃப் -எச்" சொல்லும். இடம் இருப்பதாகக் காட்டியும் "நோ ஸ்பேஸ் லெஃப்ட்" என்று வந்தால் "டிஎஃப் -ஐ" பாருங்கள். லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேர்ந்து, ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய ஐநோட் தீர்ந்திருக்கும். பதிவேடே பெருத்திருந்தால் "ஜேர்னல்சிடிஎல் --வக்கியூம்-சைஸ்" என்று கொடுத்து 200 எம்பிக்குச் சுருக்கலாம்.

கரண்ட் போன நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அமைப்புக் கோப்பு சில வேளை 0 பைட்டாக நிற்கும். "எல்எஸ் -எல்" செய்து அளவைப் பாருங்கள்.

கடிகாரத்தையும் பாருங்கள். பழைய டெஸ்க்டொப்பில் சிஆர்2032 என்ற பொத்தான் பற்றரி தீர்ந்திருந்தால், கரண்ட் போனதும் திகதி பின்னுக்குப் போய்விடும். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று விபிஎன் மறுக்கும். பெயர்களைக் கையொப்பத்தால் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் போட்ட டிஎன்எஸ் சேர்வர் என்றால் இன்னும் மோசம்: நேரம் பிழை என்பதால் பெயர்களைச் சரிபார்க்க முடியாது, பெயர் தெரியாததால் நேரச் சேர்வரை அடைய முடியாது. கோழியா முட்டையா கதைதான். கையால் திகதியைச் சரிசெய்து அந்த வட்டத்தை வெட்ட வேண்டும், பிறகு பற்றரியை மாற்ற வேண்டும்.

அணைவதற்கு முன் என்ன நடந்தது என்று பார்க்க "ஜேர்னல்சிடிஎல் -பி -1". ஒன்றும் வராவிட்டால் பதிவேடு நினைவகத்தில் மட்டும் வைக்கப்படுகிறது. வார் அடைவில் லொக் என்பதற்குள் "ஜேர்னல்" என்று ஒரு கோப்புறை உருவாக்கிவிட்டால் அடுத்த பூட்டிலிருந்து டிஸ்க்கில் தங்கும்.

அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் "பெர்மிஷன் டினைட்" வருகிறது.

போர்ட் எண் 1024க்குக் கீழே என்றால், முழு நிர்வாகியான ரூட் அல்லாத பயனருக்கு அது கிடைக்காது. சேவைக் கோப்பில் "அம்பியன்ட்கேப்பபிலிட்டீஸ்" வரியில் நெட் பைண்ட் சேர்விஸ் உரிமையை மட்டும் கொடுங்கள். முழுச் சேவையையும் ரூட்டாக ஓட்டுவது வேண்டாம்.

அது காரணம் இல்லையென்றால், கோப்பு அனுமதிக்கு மேலாக நிற்கும் இன்னொரு காவல்: உபுண்டுவில் ஆப்ஆர்மர், ரெட் ஹாட்டில் எஸ்இலினக்ஸ். பைண்டின் சோன் கோப்புகளை வழக்கமான இடத்திலிருந்து எடுத்து வேறு டிஸ்க்கில் வைத்தால், உரிமையாளர் சரி, அனுமதி எண் சரி, ஆனாலும் ஆப்ஆர்மர் விடாது. அது தன் பட்டியலில் உள்ள பாதைகளை மட்டுமே அனுமதிக்கும். கேர்னல் பதிவில் "டினைட்" என்று தேடுங்கள். மறுக்கப்பட்ட பாதை அப்படியே எழுதியிருக்கும். எஸ்இலினக்ஸில், தூரத்திலிருந்து உள்ளே போக உதவும் எஸ்எஸ்எச்சை 2222ஆம் போர்ட்டுக்கு மாற்றினால் இதே கதை. "செட்என்ஃபோர்ஸ் 0" கொடுத்ததும் ஓடினால் காரணம் அதுதான் என்று உறுதி. உடனே திரும்ப 1 ஆக்கிவிட்டு, "செமனேஜ் போர்ட்" மூலம் அந்தப் போர்ட்டைப் பட்டியலில் சேருங்கள். 0இலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பூட்டு இறுக்கமாக இருக்கிறது என்று கதவைக் கழற்றிவிட்டுப் போவதற்கு அது சமம்.

"ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிபீட்டட் டூ குவிக்லி" என்றால்?

10 விநாடிக்குள் 5 தடவை முயன்று விழுந்துவிட்டது, சிஸ்டம்டி இனி முயலாது. இது விளைவு மட்டுமே; முதல் தடவை ஏன் விழுந்தது என்று மேலே போய்ப் பாருங்கள். சரிசெய்தபிறகு "ரீசெட்-ஃபெயில்ட்" கொடுத்துத் தொடங்குங்கள்.

"யூனிட் நொட் ஃபவுண்ட்", "மாஸ்க்ட்" என்று வருகிறது.

முதலாவது பெயர்ப் பிழை. அப்பாச்சிக்கு உபுண்டுவில் அப்பாச்சி2, ரெட் ஹாட்டில் எச்டிடிபிடி. மாஸ்க்ட் என்றால் யாரோ வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கிறார்கள். "அன்மாஸ்க்" செய்யலாம், ஆனால் ஏன் பூட்டினார்கள் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சாம்பாவில் மட்டும் விதிவிலக்கு. டெபியன், உபுண்டுவில் "சாம்பா" என்ற யூனிட் மாஸ்க் செய்யப்பட்டு வருவது வழக்கம். கோப்புப் பகிர்வுக்கு நீங்கள் தொடங்க வேண்டியது "எஸ்எம்பிடி".

அமைப்புக் கோப்பில் பிழை இருக்கிறதா என்று தொடங்காமலே பார்க்க முடியுமா?

முடியும், ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். அப்பாச்சிக்கு "அப்பாச்சிசிடிஎல் கொன்ஃபிக்டெஸ்ட்". என்ஜின்எக்ஸுக்கும் எஸ்எஸ்எச்டிக்கும் பெயருக்குப் பின்னால் "-டி". பைண்டுக்கு "நேம்ட்-செக்கொன்ஃப்". சாம்பாவுக்கு "டெஸ்ட்பார்ம்". டிஎன்எஸ்மாஸ்குக்கு "--டெஸ்ட்". எந்த வரியில் பிழை என்று எண்ணோடு சொல்லும்.

சொன்ன வரியைப் பார்த்தால் பிழையே தெரியவில்லை என்றால், அந்த வரி எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை ஒட்டினீர்களா? மேற்கோள்குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும். தமிழ்ப் பக்கங்களிலிருந்து கொப்பி பண்ணினால் இன்னொரு தொல்லை: நம்முடைய சில விசைப்பலகைகள் எழுத்துகளுக்கு இடையில் அகலமே இல்லாத ஒரு குறியைச் செருகும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சேவைக்குத் தெரியும். "கட் -ஏ" என்று அந்தக் கோப்பைக் காட்டச் சொன்னால், கட் என்பது சி, ஏ, டி மூன்றெழுத்து, ஏ பெரிய எழுத்து, ஒளிந்திருப்பவை எல்லாம் எம், தொப்பிக்குறி என்று வெளியே வரும். அந்த வரியை முழுவதும் அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள்.

எஸ்எஸ்எச் போர்ட்டை மாற்றினேன். சேவை ஓடுவதாகக் காட்டுகிறது, ஆனால் புதுப் போர்ட்டில் எடுக்கவில்லை.

உபுண்டு 22.10இலிருந்து எஸ்எஸ்எச் போர்ட்டை எஸ்எஸ்எச்டி பிடிப்பதில்லை, "எஸ்எஸ்எச்.சொக்கெட்" என்ற யூனிட்தான் பிடிக்கிறது. யாராவது தட்டினால்தான் சேவையை எழுப்பும். 24.04இல், எஸ்எஸ்எச்டி அமைப்பில் போர்ட்டை மாற்றியபிறகு "டீமன்-ரீலோட்" கொடுத்து, "எஸ்எஸ்எச்.சொக்கெட்" யூனிட்டை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதற்கு முந்தைய 22.10, 23 வரிசைகளில் அந்த சொக்கெட் யூனிட்டையே திருத்த வேண்டியிருந்தது.

"நோ ஹோஸ்ட்கீஸ் அவெய்லபிள்" என்று எஸ்எஸ்எச்டி விழுந்தால் "எஸ்எஸ்எச்-கீஜென் -ஏ" புதுச் சாவிகளை உண்டாக்கும். இங்கேயும் ஏ பெரிய எழுத்து.

இந்த வேலைகளைத் தூரத்திலிருந்து செய்யும்போது இப்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தாலும் அது அறுபடாது. இரண்டாவது டெர்மினலில் புதுப் போர்ட்டில் உள்ளே போய்ப் பார்த்தபிறகுதான் முதலாவதை மூட வேண்டும். கிண்ணியாவில் ஒரு நூலகச் சேர்வரில் நான் அவசரப்பட்டு மூடிவிட்டேன். 2009இல் பாலம் திறந்ததிலிருந்து கிண்ணியாவுக்குப் போவது சுலபம்தான். ஆனாலும் மார்கழி மழையில், ஒரு வரிக்காக, மோட்டார் சைக்கிளில் போய் வந்தேன்.

"அக்டிவ், ரன்னிங்" என்று பச்சையாகக் காட்டுகிறது. மற்றக் கணினிகளில் இருந்து கிடைக்கவில்லை.

அது தொடங்காத சிக்கல் இல்லை, ஆனாலும் எல்லாரும் கேட்கிறார்கள். முன்னால் சொன்ன எஸ்எஸ் பட்டியலில் அந்தச் சேவை 127.0.0.1இல் கேட்கிறதா பாருங்கள். அப்படியென்றால் தன்னோடு மட்டும்தான் பேசும். அமைப்பில் லேன் முகவரியைக் கொடுங்கள். முகவரி சரியென்றால் "யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ்" பார்த்துப் போர்ட்டைத் திறவுங்கள், ரெட் ஹாட்டில் "ஃபயர்வோல்-சிஎம்டி". வீட்டுக்குள் கிடைத்து வெளியிலிருந்து மட்டும் கிடைக்காவிட்டால் ரவுட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். 100.64இலிருந்து 100.127 வரை தொடங்கும் முகவரி என்றால் இணைய நிறுவனம் பலருக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை. உங்களுக்கு என்ன அனுப்ப வேண்டும்?

திரையை ஃபோனால் படம் எடுத்து அனுப்பாதீர்கள். கடைசி வரி மட்டும் தெரியும், அதுவும் மங்கலாக. ஸ்டேட்டஸ் வெளியீடு, "ஜேர்னல்சிடிஎல் -யூ சேவைப்பெயர் -பி --நோ-பேஜர்" வெளியீடு, எஸ்எஸ் பட்டியல், அமைப்புக் கோப்பு, இந்த நான்கையும் எழுத்தாகவே ஒரு கோப்பில் போட்டு அனுப்புங்கள். கடைசியாக எது மாறியது என்றும் எழுதுங்கள்: அப்டேட், கார்டு, ரவுட்டர், கரண்ட், எதுவானாலும். அனுப்புவதற்கு முன் அமைப்புக் கோப்பில் இருக்கும் கடவுச்சொற்களை அழித்துவிடுங்கள். வைஃபை கடவுச்சொல் நெட்பிளான் கோப்பிலும் இருக்கும்.